பொடக்காணியில வெளையறது முதல்ல நம்ம வட்டலுக்கு

(கூட்டமைப்பின் ஆண்டு விழாவில் பேசியது)



வீட்டுத் தோட்டத்தைப் பத்திப் பேசச் சொன்னாங்க. இது பொழுதுபோக்கு வேலைன்னு நினைச்சுக்காதீங்க. நம்ம கூட்டத்துல கடனைப் பத்திப் பேசறோம், வட்டியைப் பத்திப் பேசறோம், மாட்டுக் கொட்டகையைப் பத்திப் பேசறோம். இதெல்லாம் செய்யற நம்ம உடம்புல ரத்தம் இருக்குதான்னு மட்டும் பேசறதில்லை. நான் அங்கிருந்துதான் ஆரம்பிக்கப் போறேன்.

ரெண்டு பேருக்கு ஒருத்தர்

மத்திய அரசு எடுத்த தேசிய குடும்ப நலக் கணக்கெடுப்பு 2019-21ல நடந்துச்சு. அதுல தமிழ்நாட்டுல 15 வயசுல இருந்து 49 வயசு வரைக்கும் இருக்கிற பொம்பளைங்கள்ல 100க்கு 53 பேருக்கு ரத்தசோகைன்னு வந்திருக்குது. இந்தப் பந்தல்ல உங்க பக்கத்துல உக்காந்திருக்கிற அக்காவைப் பாருங்க. உங்க ரெண்டு பேர்ல ஒருத்தருக்கு இருக்கலாம். மாடு தண்ணி குடிக்கலைன்னா அன்னைக்கே டாக்டரைக் கூப்பிடறோம். நமக்கு மூச்சு வாங்குது, தலை சுத்துது, கால் ஓயுதுன்னா "வயசாயிருச்சு"ன்னு விட்டுடறோம். முப்பத்தஞ்சு வயசு ஒரு வயசாங்க?

என் மக எட்டாவது படிக்கறப்ப ரத்தம் பரிசோதிச்சாங்க. 8.6 வந்துச்சு. 12க்கு மேல இருக்கணுமுங்க. பள்ளிக்கூடத்துல வாரம் ஒருக்கா கொடுக்கிற இரும்புச்சத்து மாத்திரையோட, ஆரம்ப சுகாதார நிலையத்து டாக்டர் தனியா மாத்திரையும், குடற்புழு மாத்திரையும் கொடுத்தாங்க. அதோட கிராம செவிலியர் சொன்னது, "தினமும் கீரை, காய், ஒரு பழம். மாத்திரை நிக்கற அன்னைக்கும் சாப்பாடு நிக்கக் கூடாது."

எவ்வளவு காய்னு கேட்டீங்கன்னா, ஹைதராபாத்துல இருக்கிற தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் ஒரு ஆளுக்கு ஒரு நாளைக்கு 400 கிராம் காய்கறி, 100 கிராம் பழம்னு சொல்லியிருக்குது. கீரையும் அந்த 400ல சேர்ந்ததுதான், உருளைக்கிழங்கு சேராது. நாலு பேர் இருக்கிற வீட்டுக்கு வாரத்துக்கு 11 கிலோ காய் ஆகுது. நாம சந்தையில வாங்கறது என்ன? ரெண்டு கிலோ தக்காளி, ஒரு கிலோ வெங்காயம், ஒரு கிலோ கத்திரிக்காய், ஒரு கட்டுக் கீரை. இதுக்கே எங்க வீட்டுல வாரம் 300 ரூபா. வருசத்துக்கு 15,600 ரூபா. 11 கிலோ காசு கொடுத்து வாங்கறதுன்னா நம்ம சம்பாத்தியத்துல முடியாதுங்க. அதனாலதான் பொடக்காணி.

தண்ணி இருக்குதுங்க

தோட்டம்னு சொன்னதும் எல்லாரும் கேக்கறது, "குடிக்கவே தண்ணி ரெண்டு நாளைக்கு ஒருக்காத்தான் வருது, செடிக்கு எங்க போறது?" நம்ம தாராபுரம் பக்கம் மழை குறைச்சல், காத்தும் வெயிலும் அதிகம். நியாயமான கேள்விதான்.

ஒரு நாள் எங்க வீட்டுல வெளிய போற தண்ணியைக் குடத்தால அளந்தோம். 15 லிட்டர் குடம். பாத்திரம் கழுவ மூணு, நாலு பேர் குளிக்க எட்டு, அரிசி, பருப்பு, காய் கழுவ ஒண்ணு. மொத்தம் 12 குடம், 180 லிட்டர். இது துணி துவைக்கிற தண்ணி இல்லாம. அத்தனையும் சாக்கடைக்குப் போய்க் கொசுவா திரும்பி வருது.

எந்தத் தண்ணி எந்தச் செடிக்குங்கறதுதான் முக்கியம். அரிசி, பருப்பு, காய் கழுவின தண்ணி நல்ல தண்ணி. அது கீரைக்கும் கறிவேப்பிலைக்கும். பாத்திரம் கழுவற தண்ணியும் குளிக்கிற தண்ணியும் வாழைக்குப் போகணும். அதுக்கு முன்னாடி ரெண்டடிக்குக் குழி எடுத்து, அடியில கல், நடுவுல கரி, மேல மணல் போட்டு அது வழியா விடுங்க. குழியைச் சுத்திக் கல்வாழை நட்டா மிச்ச அழுக்கை அது இழுத்துக்கும். துணிப் பவுடர் தண்ணியைச் செடிக்கு விட வேண்டாம். அதுல இருக்கிற உப்பு மண்ணைக் கெட்டியாக்கிரும். பச்சையா சாப்பிடற வெள்ளரி, கொத்தமல்லிக்கும், மண்ணுக்குள்ள விளையற முள்ளங்கிக்கும் சோப்புத் தண்ணி எதுவுமே ஆகாது.

அப்புறம் மூடாக்கு. காஞ்ச இலை, தென்னை மட்டை, கடலைக் கொடி எது கிடைக்குதோ அதைச் செடியைச் சுத்திப் பரப்புங்க. தண்டுல ஒட்டாம ஒரு சாண் தள்ளிப் போடணும். கத்திரி வெயில்ல மூடாக்குப் போட்ட மண்ணைத் தொட்டுப் பாருங்க, சில்லுன்னு இருக்கும். பழ மரக் கன்னுக்குப் பக்கத்துல அடியில சின்ன ஓட்டை போட்ட மண்பானையைப் புதைச்சு, ஓட்டையில துணித்திரி வெச்சுத் தண்ணி ஊத்தி மூடி வெச்சா, கசிஞ்சு கசிஞ்சு வேருக்கே போகும். ஒரு கலியாணத்துக்குப் போய் ரெண்டு நாள் கழிச்சு வந்தாலும் கன்னு வாடாது.

எதை எங்க வைக்கறது

முருங்கை இல்லாத பொடக்காணி இருக்கக் கூடாதுங்க. நம்ம மூலனூர்ப் பக்கம் ஏக்கர் கணக்குல முருங்கை போடறோம், லாரி லாரியா ஏத்தறோம். ஆனா காட்டு முருங்கைக்கு மருந்து அடிக்கறாங்க. காய் பறிக்கப் போற அக்காக்கள் அந்த இலையை மடியில கட்டிட்டு வந்து சமைக்காதீங்க. வீட்டுக்குன்னு மருந்து படாத ஒரு மரம் தனியா வேணும். போத்து வெட்டி நட்டா நாட்டு முருங்கை. விதை போட்டு வர்றது பெரியகுளம் தோட்டக்கலைக் கல்லூரியில உருவாக்கின பி.கே.எம்.1, அது ஆறு ஏழு மாசத்துல காய்க்கும். செடி இடுப்பளவு வந்ததும் நுனியைக் கிள்ளிடுங்க, பக்கக் கிளை வரும். காய்ச்சு ஓய்ஞ்சதும் மூணடி விட்டு வெட்டிடுங்க, கைக்கு எட்டற உயரத்துல தழையும். முருங்கையை ஒடிச்சு வளர்க்கணும், பிள்ளையை அடிச்சு வளர்க்கணும்னு பெரியவங்க சொல்வாங்க. பிள்ளையை விட்டுடுங்க, முருங்கையை மட்டும் ஒடிங்க. கிளை சடக்குன்னு முறியற மரம், அதனால கூரைக்கும் கரண்ட் கம்பிக்கும் தள்ளி வைங்க.

பப்பாளி, சீக்கிரம் பலன் தர்ற பழம். நட்டு ஒன்பது பத்து மாசத்துல பழம் எடுக்கலாம். நிறைய பேர் ஒரு கன்னு வெச்சு, அது ஆண் மரமாப் போய், "எங்க மண்ணுக்கு வராது"ன்னு சொல்றாங்க. மண்ணு மேல தப்பில்லைங்க. ஒரு குழிக்கு மூணு நாத்து நடுங்க. பூ வர்றப்பப் பாருங்க. நீளக் காம்புல கொத்துக் கொத்தாத் தொங்கினா ஆண். தண்டை ஒட்டித் தனியாப் பெருசாப் பூத்தா பெண். பெண்ணை ஒண்ணு வெச்சுட்டு மத்ததை எடுத்திரலாம். இருபது பெண் மரத்துக்கு ஒரு ஆண் மரம் போதும். தெருவுக்கு ஒரு ஆண் மரத்தை மட்டும் விட்டு வைங்க. இருபால் பூ வர்ற ரகம்னா இந்தப் பிரச்சினையே இல்லை, வாங்கறப்பவே கேட்டு வாங்குங்க. பப்பாளிக்குத் தண்ணி வேணும், ஆனா தண்டுகிட்ட தண்ணி நின்னா அழுகிரும். மேடு கட்டி நடுங்க.

கொய்யா பதியன் போட்ட கன்னா வாங்குங்க, ரெண்டு மூணு வருசத்துல காய்க்கும். கொய்யா புதுத் துளிர்லதான் பூக்கும். அறுவடை முடிஞ்சதும் நுனியைக் கவாத்து பண்ணுங்க, இல்லைன்னா கிளையை வளைச்சுக் கயித்தால கட்டுங்க, துளிர் வெடிச்சு வரும். கீழ விழுந்த புழுப் பழத்தைக் கிடையில விடாம ஆழமாப் புதைக்கணும். விட்டா பழ ஈ பெருகி அடுத்த பறிப்பையும் கெடுத்திரும்.

எலுமிச்சை வெயில் படற இடத்துல இருக்கணும். கன்னு சின்னதா இருக்கறப்பப் பொறுமை வேணும், விதைக்கன்னு காய்க்க நாலஞ்சு வருசம் ஆகும். கறிவேப்பிலைக்குப் புளிச்ச மோரைத் தண்ணி கலந்து ஊத்துங்க, தளதளன்னு வரும். அதையும் ஒடிச்சு ஒடிச்சு எடுத்தாத்தான் தழையும்.

காய்னு எடுத்துக்கிட்டா ஆடிப்பட்டத்தை விட்டுடாதீங்க. அவரை, பீர்க்கன், புடலை, சுரை இதெல்லாம் ஆடியில ஊனினா பந்தலேறிரும். நாட்டு அவரை பனி விழற மாசத்துலதான் கொட்டும், அதுவரைக்கும் "வெறும் கொடியா இருக்குது"ன்னு பிடுங்கிப் போட்டுடாதீங்க. வெண்டை, கத்திரி, கொத்தவரை வெயிலைத் தாங்கும். தக்காளி சித்திரை வெயில்ல பூ உதிர்த்திரும். அந்த மாசத்துல அதுகிட்ட சண்டை போடாம, வாழை நிழல்ல ரெண்டு செடியை மட்டும் காப்பாத்தி வைங்க.

கீரைக்கு ஆறடிக்கு மூணடி பாத்தி போதும். ஒரே நாள்ல எல்லாத்தையும் விதைக்காதீங்க. ரெண்டு பாத்தி எடுத்து, பதினஞ்சு நாள் இடைவெளி விட்டு விதைங்க. சிறுகீரை இருபத்தஞ்சு நாள்ல பிடுங்கலாம். அரைக்கீரை வெட்ட வெட்ட வரும். பொன்னாங்கண்ணியை ஒடிச்சு ஊனினாப் போதும். மணத்தக்காளி பறவை எச்சத்துல தானே முளைக்கும், களைன்னு பிடுங்காம இருந்தாலே கீரை.

பூச்சிக்கு என்ன பண்றது

எனக்குக் கல்யாணம் ஆன புதுசுல, 2009 வாக்குல, நம்ம கொங்குப் பக்கம் பப்பாளி, மல்பெரி, மரவள்ளி, செம்பருத்தின்னு எல்லாத்துலயும் வெள்ளை வெள்ளையா மாவுப்பூச்சி அப்பிக்கிட்டது பெரியவங்களுக்கு ஞாபகம் இருக்கும். 2008ல கோயமுத்தூர்லதான் முதல்ல கண்டுபிடிச்சாங்க. வெளிநாட்டுல இருந்து வந்த பூச்சி அது. எத்தனையோ மருந்து அடிச்சாங்க, மேல இருக்கிற மெழுகு மாவுல மருந்து இறங்கலை. பட்டுப்புழு வளர்த்தவங்க மல்பெரித் தோட்டத்தையே அழிச்சாங்க. 2010ல பெங்களூருவுல இருக்கிற பூச்சி ஆராய்ச்சி நிறுவனம், எறும்பை விடச் சின்னதா ஒரு குளவியை வெளிநாட்டுல இருந்து கொண்டு வந்து விட்டாங்க. அது மாவுப்பூச்சிக்குள்ள முட்டை வெச்சு, உள்ள இருந்தே தின்னு தீர்த்திருச்சு. மருந்து செய்யாத வேலையைக் குளவி செஞ்சுது.

இதை எதுக்குச் சொல்றேன்னா, அந்தக் குளவி இன்னும் நம்ம ஊர்ல இருக்குது. பொறிவண்டு, சிலந்தி எல்லாம் இருக்குது. காட்டுக்கு அடிச்ச மிச்ச மருந்தை எடுத்துட்டு வந்து வீட்டுக் கத்திரிக்கு அடிச்சா, முதல்ல சாகறது இந்தக் காவக்காரங்க. அதுக்கப்புறம் அந்தக் காயைத் திங்கறது நம்ம பிள்ளைங்க.

வீட்டுக்கு இது போதும். 50 கிராம் வேப்பங்கொட்டைப் பருப்பை இடிச்சுத் துணியில கட்டி ராத்திரி ஊற வைங்க. காலையில பிழிஞ்சு வடிகட்டி ஒரு லிட்டர் தண்ணியாக்கி, துளி காதி சோப்பு கரைச்சு, சாயங்காலம் தெளிங்க. அவரையில அசுவினி வந்தா, பனி ஈரம் இருக்கறப்பவே சாம்பல் தூவுங்க. கத்திரி நுனி வாடித் தொங்கினா உள்ள புழு இருக்குதுன்னு அர்த்தம், அந்த நுனியைக் கிள்ளி எரிச்சிருங்க. வெண்டை இலை நரம்பெல்லாம் மஞ்சளாப் போனா அது வைரஸ் நோய், வெள்ளை ஈ பரப்பறது. இரக்கப்படாம அந்தச் செடியைப் பிடுங்கிருங்க. முருங்கையில கம்பளிப்பூச்சி கூட்டமாத் தண்டுல இறங்கி இருக்கறப்பவே பந்தத்தால பொசுக்கலாம், குழந்தைகளைத் தள்ளி நிக்கச் சொல்லிட்டு.

எருவுக்கு வெளிய போக வேண்டியதில்லை. மக்கின சாணி, ஆட்டுப் புழுக்கை, அடுப்படிக் கழிவு. பச்சைச் சாணியை அப்படியே போடாதீங்க, கரையான் ஏறும். பஞ்சகவ்யம் வெச்சிருக்கிறவங்க 10 லிட்டர் தண்ணிக்கு 300 மில்லி கலந்து தெளிக்கலாம். இல்லாதவங்க அதுக்காகக் காசு கொடுத்து வாங்க வேண்டாம்.

இடம் இல்லாதவங்க

இங்க எல்லாருக்கும் பொடக்காணி இல்லைன்னு தெரியும். காலனி வீட்டுல சுவரும் சுவரும் ஒட்டி இருக்குது. வாடகை வீட்டுல இருக்கிற தங்கச்சிங்க இருக்காங்க. அவங்களுக்கும் வழி இருக்குது. ஓட்டைக் குடம், அரிசிச் சாக்கு, பெயிண்டு டப்பா இதுல அடியில ஓட்டை போட்டு, செம்மண்ணும் மக்கின எருவும் பாதிப் பாதி போட்டா கீரை, மிளகாய், கத்திரி, புதினா வரும். காலி பண்றப்பத் தூக்கிட்டும் போகலாம். சுரைக்கொடிக்கு வேருக்கு மட்டும் ஒரு முழம் மண்ணு போதும், மத்ததுக்குக் கூரை இருக்குது.

இடம் இருக்கிறவங்களுக்கு ஒண்ணு சொல்றேன். இப்பப் புது வீடு கட்டினா, கடன் வாங்கியாவது வீட்டைச் சுத்திச் சிமெண்டுத் தளம் போடறோம். சேறு இருக்காது, கூட்ட சுலபம்னு. நான் வேண்டாம்னு சொல்லலை. சுவரோரமா மூணடியாவது மண்ணா விடுங்க. சிமெண்டு சூடு ராத்திரி பத்து மணி வரைக்கும் வீட்டுக்குள்ள அடிக்குது. மண்ணா விட்டா முருங்கை நிழலும் கிடைக்கும், மழைத்தண்ணியும் உள்ள இறங்கும்.

யார் சாப்பிடறது?

இதுதான் நான் முக்கியமாச் சொல்ல வந்தது. தோட்டம் போட்டாலே ரத்தம் ஊறிராதுங்க. கீரை கடைஞ்சு, அவருக்குப் போட்டு, பையனுக்குப் போட்டு, மாமனார் மாமியாருக்குப் போட்டு, கடைசியா நமக்கு மிஞ்சறது சட்டியில ஒட்டினதும் ரசமும். பெரிய பப்பாளி பழுத்தா பக்கத்து வீட்டுக்குப் பாதி, விருந்தாளிக்குப் பாதி. கொஞ்சம் காசு வர்ற மாதிரி இருந்தா, இருக்கிற முருங்கைக்காயையும் வியாபாரிகிட்டப் போட்டுட்டு நாம ஊறுகாய் தொட்டுக்கறோம்.

எங்க குழுவுல ஒரு பழக்கம் கொண்டு வந்திருக்கோம். ஆக்கினதும் முதல்ல வீட்டுப் பொம்பளைங்க, பெண் பிள்ளைங்க பங்கைத் தனிக் கிண்ணத்துல எடுத்து மூடி வெச்சுட்டுத்தான் பரிமாறணும். முதல்ல எங்க வீட்டு ஆளுங்க சிரிச்சாங்க. இப்ப என் மாமியாரே, "உன்ற கிண்ணத்தை எடுத்து வெச்சியா?"ன்னு கேக்கறாங்க. மிஞ்சினதை விக்கலாம், தப்பில்லை. பங்கு எடுத்து வெச்ச பின்னாடி மிஞ்சினது.

கீரை சாப்பிடறப்ப எலுமிச்சையோ நெல்லிக்காயோ சேர்த்துக்குங்க, அதுல இருக்கிற இரும்புச்சத்து உடம்புல நல்லா ஒட்டும். சாப்பிட்ட கையோட டீ குடிக்காதீங்க, ஒட்டறதையும் அது தடுத்திரும். ஒரு மணி நேரம் போகட்டும். டாக்டர் மாத்திரை கொடுத்திருந்தா அதைக் கீரையை நம்பி நிறுத்தாதீங்க. ரெண்டும் வேணும். என் மகளுக்கு மாத்திரையும் சாப்பாடும் சேர்ந்து எட்டு மாசத்துல 11.4 வந்துச்சு. இன்னும் 12க்கு வரலை. விடறதா இல்லை.

கூட்டமைப்புக்கு மூணு கோரிக்கை

முதலாவது, நாத்துக்கு நாம ஒவ்வொருத்தரும் நர்சரிக்குப் பஸ் ஏற வேண்டியதில்லை. விருப்பம் இருக்கிற ரெண்டு குழுவுக்குக் கூட்டமைப்பு நிதியில கடன் கொடுத்து ஒரு நாற்றங்கால் போடச் சொல்லுங்க. பப்பாளி, முருங்கை, கறிவேப்பிலை, கத்திரி, மிளகாய் நாத்தை அவங்க வளர்க்கட்டும், நாம காசு கொடுத்து வாங்கிக்கறோம். அவங்களுக்குத் தொழில், நமக்குக் கன்னு.

ரெண்டாவது, ஒவ்வொரு குழுவுக்கும் ஒரு விதைப் பெட்டி. முதல்ல காய்க்கிற நல்ல வெண்டையில ரெண்டு, மஞ்சளாப் பழுத்த கத்திரியில ஒண்ணு, முத்தின அவரை ஒரு கைப்பிடி, இப்படி விதைக்குன்னு விட்டு, நிழல்ல காய வெச்சு, சாம்பல் கலந்து பெட்டியில போடணும். கடைப் பாக்கெட்டுல வர்ற வீரிய ஒட்டு ரகத்துல விதை எடுத்தா அடுத்த தடவை அதே மாதிரி வராது, அதனால நாட்டு விதையைத்தான் சேர்க்கணும். மாசக் கூட்டத்துல சேமிப்பு நோட்டோட விதைப் பெட்டியும் வரணும். ஒரு கைப்பிடி எடுத்தவங்க ரெண்டு கைப்பிடி திருப்பித் தரணும். இதுதான் நம்ம வட்டி.

மூணாவது, வருசத்துக்கு ஒரு நாள், கூட்டமைப்புக் கூட்டத்தன்னைக்கே, ஆரம்ப சுகாதார நிலையத்துல சொல்லி எல்லா உறுப்பினருக்கும் ரத்தம் பரிசோதிக்க ஏற்பாடு பண்ணுங்க. கடன் பாக்கி எவ்வளவுன்னு நமக்கு மனப்பாடம். நம்ம ரத்தம் எவ்வளவுன்னு அதே மாதிரி ஒவ்வொருத்தருக்கும் தெரிஞ்சிருக்கணும்.

வர்ற ஆடிக்குள்ள ஒவ்வொரு வீட்டுலயும் ஒரு முருங்கை, ஒரு பப்பாளி, ஒரு கறிவேப்பிலை, ரெண்டு பாத்திக் கீரை. இவ்வளவுதான் நான் கேக்கறது. இடம் இல்லாதவங்களுக்கு மூணு சாக்கு. அடுத்த வருசக் கூட்டத்துல யார் யார் வீட்டுல என்ன காய்ச்சுதுன்னு கணக்குக் கேப்பேன், தயாரா வாங்க.